செல்லாத ஓட்டு

பெட்டி கூடத்துக்கு வந்தாயிற்று, பூட்டும் போட்டாயிற்று. ஓட்டுப்பெட்டி அல்ல, மருமகளின் துணிப்பெட்டி.

வெளியே வெடிச்சத்தம் காதைப் பிளந்தது. சட்டமன்றத் தேர்தலில் மாநிலமெங்கும் கட்சிக்கு அமோக வெற்றி. பெரியவரின் தம்பிக்கு இந்தத் தொகுதியில் இது ஆறாவது வெற்றி.

"ஊரே கொண்டாடுது. நீங்க ஒத்தை ஓட்டுக்காக இவளை விரட்டுறீங்க" என்றாள் பெரியவரின் மனைவி. கைநாட்டு வைப்பவள்; பேச்சு மட்டும் கத்தி.

"அந்த ஒத்தை ஓட்டு என் குடும்பத்தைச் சந்தி சிரிக்க வச்சிருக்கு."

காலையில் எண்ணும் மேசையில் தம்பியின் முகவராகப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். அதிகாரி ஒரு செல்லாத சீட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். அதில் முத்திரை இல்லை, பேனாவால் எழுதியிருந்தது.

'வீட்டுப் பிள்ளையையே ஆறு தின்றது. பாலம் இல்லை, ஓட்டும் இல்லை.'

நுணுக்கி எழுதிய வரி. பழைய முறையில் எழுதிய 'ளை'யும் 'லை'யும் யானை மாதிரித் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. எதிர்க்கட்சி முகவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவர்கள் தெருச் சாவடியின் சீட்டு அது. அந்தத் தெருவில் ஆற்றுக்குப் பிள்ளையைக் கொடுத்த வீடு ஒன்றுதான். போன மழையில் படகு கவிழ்ந்து போனவன் பெரியவரின் ஒரே மகன்.

பாலத்துக்கு அளவெடுக்க இரண்டு தடவை ஆட்கள் வந்தார்கள். "முப்பாட்டன் வச்ச தோப்பை வெட்டியா பாலத்துக்குச் சாலை போடுவே?" என்று பெரியவர் கேட்டார். தம்பி வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். பெரியவர் கிழித்த கோட்டை அந்த வீட்டில் யாரும் தாண்டியதில்லை.

"நான் எழுதலை மாமா" என்றாள் மருமகள். "எழுதியிருந்தா உங்க முகத்துக்கு நேரா சொல்லியிருப்பேன்."

"இந்த வாய்தான் எழுதியிருக்கு. எங்கே, 'பாலம் இல்லை'ன்னு எழுதிக் காட்டு."

செய்தித்தாளின் ஓரத்தில் எழுதினாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எழுதுகிற சாதாரண 'லை'. பெரியவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"எழுத்தை மாத்தி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கி அவருக்குப் பழக்கமில்லை. "உங்க அப்பாவுக்கு ஆள் அனுப்பியாச்சு. கிளம்பு."

"அவர் இருந்த வீடு மாமா இது."

"என் வீடு."

மருமகள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். மாமியார் இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அப்போது தம்பி உள்ளே வந்தார். கழுத்தில் மாலை, கையில் ஒரு தாள். பெட்டியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், தாளை அண்ணனிடம் நீட்டினார்.

"நன்றி அறிவிப்பு, அச்சுக்குப் போகணும். குமாஸ்தா வெடி போடப் போயிட்டார், நானே எழுதிட்டேன். ஒரு பார்வை பார்த்துடுங்க அண்ணே."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தம்பியின் கையெழுத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எல்லாம் குமாஸ்தாதான் எழுதுவார்.

'வாக்காளப் பெருமக்களே, உங்கள் அன்புக்கு ஈடு இல்லை.'

'லை' தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

பெரியவர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். தம்பி மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். குனிந்து பெட்டியை வாங்கி, மருமகளின் அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"வாழ்க்கையில உங்க பேச்சை மீறி நான் போட்ட ஒரே ஓட்டு அது, அண்ணே."