நான்காவது வாரமும் வந்தவர்

கிறீச்!

மலைச் சுற்றுலாவுக்கு வந்த குழுவில், மூன்றாவது வளைவில் ஓர் அம்மாள் மின்சார சைக்கிளை நிறுத்தி, நோட்டை எடுத்து ஏதோ எழுதினார்.

குழுவின் கடைசியில் வந்த பெண் ஊழியர், வழிகாட்டியின் காதைக் கடித்தார். "அண்ணே, நாலாவது வாரமா வர்றாங்க. நம்மள வேவு பார்க்க வந்த ஹெட் ஆபீஸ் ஆளேதான்! எட்டிப் பார்த்தேன், 'மூன்றாவது வளைவில் வண்டி குலுங்கும். இறக்கத்தில் கைடு பேசக் கூடாது'ன்னு எழுதுறாங்க."

அதிகம் பேசுகிறார் என்று வழிகாட்டி மேல் ஏற்கெனவே ஒரு புகார். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். மலை உச்சியில் அவரே போய்க் கேட்டார்.

"மேடம், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அதுக்காக வேலைக்கு வேட்டு வெச்சிடாதீங்க."

அம்மாள் சிரித்தார். "நான் எந்த ஆபீசும் இல்ல தம்பி. அடுத்த வாரம் ரெண்டு பேர் ஓட்டுற சைக்கிள்ல, என் வீட்டுக்காரரைப் பின்னாடி உட்கார வெச்சுக் கூட்டிட்டு வரேன். குலுங்கற இடத்தை முன்னாடியே சொல்லணும்ல?"

"சரி, நான் ஏன் பேசக் கூடாது?"

"அவருக்குக் கண் தெரியாது தம்பி. ஏறும்போது நீங்க சொல்றதை வெச்சு ஊரைப் பார்த்துக்குவார். இறங்கும்போது காத்து சொல்றதையும் கேட்கட்டுமே!"