சுல்தானுக்குக் கழற்றிய சட்டை

"இந்தா, இதைப் போட்டுக்கம்மா. என் வாடை இருந்தாத்தான் அவன் கிட்ட வருவான்" என்று நிஜாம் தன் சட்டையைக் கழற்றி நீட்டினான்.

யாழினி அதை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டாள். நாளையிலிருந்து சுல்தான் என்ற அந்தக் குதிரையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவள் அவள்தான்.

மலேசியாவில், கிள்ளான் பக்கத்து மேருவில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால், கைவிடப்பட்ட குதிரைகளை வைத்துக் காப்பாற்றும் கொட்டகை அது. கடைசித் தடுப்பில் சுல்தான் சுவரோடு ஒட்டி நின்றது.

சாயங்காலம் வேன் வந்துவிடும். நிஜாமின் வேலை பெர்மிட் முடிந்துவிட்டது, இன்றே ஊருக்கு விமானம். காலையிலிருந்து கேரட்டை நீட்டி நீட்டி யாழினிக்குக் கை கடுத்துவிட்டது. சுல்தான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

போன மாதம் நிஜாம் காய்ச்சலில் படுத்தபோது சுல்தானும் பட்டினி கிடந்தது. யார் வைத்தும் தின்னவில்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம் என்று ஆகிவிட்டது. இனி அவன் வரவே மாட்டான் என்றால்?

கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போய்வந்த குதிரை. மேளச் சத்தத்தில் மிரண்டால் ரோத்தான் பிரம்பால் அடி. அடி விழுந்த இடங்களில் வரிவரியாக இன்னும் முடி முளைக்கவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா? தலையைச் சொறிந்துகொள்ள யாராவது கையைத் தூக்கினால்கூடச் சுவரை உதைக்கும்.

நிஜாம்தான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஊர்க்கதை எல்லாம் பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவந்தான். மனிதர்களிடம் அவன் அவ்வளவு பேசியதில்லை. ஒருநாள் தோளில் சூடாக மூச்சு பட்டது. அன்றைக்குப் பெருநாள் வந்ததுபோல எல்லோருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தான்.

"என்னைத் தவிர யார்கிட்டயும் போக மாட்டான்" என்று சொல்லிக்கொள்வதில் அவனுக்குப் பெருமைதான். இப்போது அந்தப் பெருமையே வினையாகிவிட்டது.

பனியனோடு போய் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டான். எட்டிப் பார்த்தால் சுல்தான் கண்டுபிடித்துவிடும். உட்கார்ந்தான், எழுந்தான், கைபேசியைப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்தான். சாலையில் ஒரு கண்டெய்னர் லோரி ஹாரன் அடித்துப் போனது. போச்சு, மிரண்டிருக்கும் என்று லோரிக்காரனைத் திட்டித் தீர்த்தான்.

அந்தப் பக்கம் யாழினி மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள். பழைய வேலையில் சூப்பர்வைசர் கத்தியது, கிள்ளான் பஸ் வராதது. இதெல்லாம் குதிரைக்கு எதற்கு என்று அவனுக்கு எரிச்சல் வந்தது.

பேச்சு நின்றது.

கரக், கரக்.

நிஜாமுக்குக் கண் கலங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று முணுமுணுத்தான். சட்டை காரியத்தைச் சாதித்துவிட்டது. துவைக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். வாடை இருக்கும்வரை சுல்தானுக்குத் தன் ஞாபகமும் இருக்கும்.

வெளியே வந்தான்.

யாழினி சுல்தானுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தோளுக்கு மேல் நீட்டிய அவள் கையிலிருந்து அது தின்றுகொண்டிருந்தது.

சட்டை வாசல் கம்பியில், கொடுத்தபடியே சுருண்டு தொங்கியது.

அவன் அதைப் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"சாரிண்ணே. ஒரே வேர்வை லா, போட முடியல."

"பரவால்லம்மா" என்றான். நல்லதுதான். இதைத்தானே காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தான். ஆனாலும் வலித்தது. சுல்தான் ஒரு காதை மட்டும் அவன் பக்கம் திருப்பியது. தின்பதை நிறுத்தவில்லை.

வேன் வந்து ஹாரன் அடித்தது.

விமானத்துக்கென்று தேய்த்து வைத்த புதுச் சட்டை பையில் மேலாகவே இருந்தது. அவன் கம்பியில் தொங்கியதை எடுத்து மாட்டிக்கொண்டான்.

மேருவைத் தாண்டுவதற்குள் காலரை எத்தனையோ முறை மூக்கருகே இழுத்துவிட்டான். அவன் வேர்வையைவிடக் குதிரை வாடைதான் அதில் அதிகமாக இருந்தது.