நூவர்க்கில் கோபாலசாமி

"அங்கிள் பர்மாவுக்கு ஊர் சுத்திப் பாக்கப் போனாரா, ஓட்டுக் கேக்கப் போனாரா?"

காலேப் காதோரம் கிசுகிசுத்ததும், தங்கை ஷைனா சிரிப்பை அடக்க சோபா தலையணையைக் கடித்தாள்.

எதிர்வீட்டு ஜார்ஜ் அங்கிள் வீடியோ போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். 97 டிசம்பர் லீவில் அவரும் கிருபாராணி ஆன்ட்டியும் போய்வந்த ரங்கூன், மாண்டலே பயணம். சர்ச் விட்டதும், மான்மவுத் ஜங்ஷன் என்கிற அந்த அமெரிக்க ஊரின் தமிழர்களில் பாதிப்பேர் அவர் வீட்டில்தான்.

டி.வி.யில் அங்கிள், ஷ்வேடகன் புத்தர் கோயிலின் சுடுகிற பளிங்கில் வெறுங்காலோடு தவ்வித் தவ்விப் போனார். அடுத்து ஒரு டீக்கடை. சர்வரைப் பார்த்து உதட்டைக் குவித்து, 'இச் இச்' என்று முத்தச் சத்தம் கொடுத்தார்.

"அடக் கர்த்தாவே!" என்றார் வசந்தாமணி ஆன்ட்டி.

"அங்க சர்வரை அப்படித்தாங்க கூப்பிடணும். எங்க கைடு கோபாலசாமி சொல்லிக்கொடுத்தது."

பர்மாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் கோபாலசாமி, டி.வி.யில் மூக்கால் பேசினார்: "ஐயா, இது மோகிங்காங்க. மீன் கொழம்புல சேமியாங்க. கேக்காமலே தட்டுத் தட்டா பலகாரமும் கொண்டாந்து வப்பாங்க. திங்கிறதுக்கு மட்டும் காசு குடுத்தாப் போதுங்க."

அங்கிள் திங்கிற கடையிலெல்லாம் ஒரு வேலை தவறாமல் நடந்தது. சர்வர், ரிக்‌ஷாக்காரர், பூ விற்கிற பெண் என்று பார்த்தவர் கையில் எல்லாம் விசிட்டிங் கார்டைத் திணித்தார். "யூ மஸ்ட் கம் டு அமெரிக்கா! மை ஹவுஸ் இஸ் யுவர் ஹவுஸ்!"

மாண்டலே டீக்கடையோடு டேப் பட்டென்று நின்றது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார்கள்.

"பேட்டரி போயிடுச்சு" என்று எழுந்தார் அங்கிள். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து யாருக்கும் வேண்டாத காபியைக் கலக்கப் போனார்.

சாயங்காலம் அம்மா அப்பா கொயர் பிராக்டீஸுக்குப் போனதும் காலேப் போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். பாஸ்டரிலிருந்து ஸ்கூல் பஸ் டிரைவர் வரை அவன் பேசிக் காட்டாத ஆள் கிடையாது. இன்றைக்குப் புதுச் சரக்கு.

"மை ஹவுஸ் நிஜமாவே யாரோட ஹவுஸ்னு பாத்துடலாமா?" மூக்கைச் சுருக்கினான். "நாந்தாங்க, கோபாலசாமிங்க!"

"ஓ மை காட், அதே வாய்ஸ்! பட் அவருக்கு விசா யாரு குடுப்பா?"

"அங்கிள் அதைக் கேட்டாலே மாட்டினாரு. இல்லன்னா..." அங்கிள் குரலுக்குத் தாவினான். "'அடடா, இந்த வாரம் பாத்து வீட்ல பெயின்ட் அடிக்கிறாங்களேப்பா!' பாரேன், இதான் வரும்."

அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு நம்பரைத் தட்டினான்.

"ஹலோ?"

"ஐயா, சொகமா இருக்கீங்களா? நாந்தாங்க, கோபாலசாமி. நூவர்க்கு ஏர்போர்ட்ல வந்து எறங்கிட்டேங்க. நீங்க குடுத்த கார்டு கையில இருக்குதுங்க."

காலேப் ஷைனாவைப் பார்த்து ஓசையில்லாமல் வாயசைத்தான்: பெ... யி... ன்ட்.

"கோபாலசாமி..." அங்கிள் குரல் உடைந்தது. "உன்னை விட்டுட்டாங்களாப்பா?"

காலேப் ஜன்னலோரத்திலிருந்து எழுந்தான்.

"அடிச்சாங்களா? எல்லாம் என்னால! அந்த மாண்டலே டீக்கடையில, 'மெதுவாங்க ஐயா, மெதுவா'ன்னு என் கையைப் புடிச்சு அழுத்தின. நான் கேட்டனா? அமெரிக்காக்காரன்கிற திமிரு. உங்க ஊர் மிலிட்டரி ஆட்சியைப் பத்தி நாலு டேபிளுக்குக் கேக்கற மாதிரி பேசிட்டு நான் பாட்டுக்கு ரூமுக்குப் போய்த் தூங்கிட்டேன். காலையில ஹோட்டல் வாசல்ல நின்னு நின்னு பாக்கறேன், நீ வரல. யாரோ ரெண்டு பேர் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னாங்க. அதுக்கு மேல ஒருத்தரும் வாயைத் திறக்கல. இங்கேருந்து போன் பண்ணாத இடமில்லப்பா..."

"சே சம்திங்!" என்று ஷைனா அவன் தோளைக் குத்தினாள்.

"அங்கிள்..." என்றான் காலேப், சொந்தக் குரலில். அது அங்கிள் காதில் விழவில்லை.

"அங்கேயே நில்லு! எங்கேயும் போயிடாதே, இதோ வர்றேன். கிருபா! கோபாலசாமி வந்துட்டான்! உயிரோட இருக்கான் கிருபா!"

போன் எங்கேயோ மோதி விழுந்தது. கிருபாராணி ஆன்ட்டி "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று அழுவது கேட்டது.

"ஹலோ! அங்கிள்! ஹலோ!"

யாரும் எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு கராஜ் கதவு மேலேறியது.

காலேப் வெறும் சாக்ஸோடு ஈரப் புல்லில் விழுந்தடித்து ஓடினான். ரிவர்ஸில் வந்துகொண்டிருந்த காரை இரண்டு கையாலும் தட்டினான். கார் குலுங்கி நின்றது. கண்ணாடி இறங்கியது.

அங்கிள் சட்டையில் பட்டன்கள் மாறி மாறிப் போட்டிருந்தன. முகமெல்லாம் ஈரம். ஆனால் இத்தனை சந்தோஷமான முகத்தை அவன் எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை.

"அங்கிள், நான்... உங்ககிட்ட ஒண்ணு..."

"ஏறு ஏறு, எதுவானாலும் போற வழியில சொல்லு. நீ வந்ததும் நல்லதாப் போச்சுடா, வாய் உள்ள பையன்."

அவர் எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஒருத்தர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னா, எப்படிடா ஆரம்பிக்கிறது?"