மேல்கதவு

"ஆரம்பிச்சாச்சு."

ஹில்லே ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். சாத்தியும் பிரயோஜனமில்லை. பக்கத்து வீட்டு ரேயரின் குரல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தது.

தினமும் மத்தியானம் இதே கூத்துதான். கால்வாயைப் பார்த்த தன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, எழுதியதைத் தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பார் ரேயர். லத்தீனிலும் பிரெஞ்சிலும் ஞானிகள் எழுதிவைத்ததை டச்சு மொழிக்குக் கொண்டுவருவது அவர் தொழில். அதை மட்டுமே நம்பி ஆம்ஸ்டர்டாமில் அடுப்பெரிக்கிற ஆள் இவர் ஒருத்தர்தான் என்று தெருவில் கிண்டல் செய்வார்கள்.

கேட்டால், "வாய்விட்டுப் படிச்சாதாம்மா வாக்கியம் நடக்குதா நொண்டுதான்னு தெரியும்" என்பார்.

ஹில்லே கணவனுக்குப் பட்டாணி சூப்பை ஊற்றினாள். "வெயில் காலத்துல படிச்சார், பொறுத்துக்கிட்டேன். இப்ப கால்வாய் ஓரமெல்லாம் பனிக்கட்டி. இந்தக் குளிர்ல எவனாவது வெளிய உக்காந்து படிப்பானா? எல்லாம் 'பாருங்கப்பா, நான் எவ்வளவு படிச்சவன்'னு காட்டிக்கத்தான்."

"விடு ஹில்லே. நல்ல மனுஷன்" என்றான் விப்ராந்த். அவன் அவர்கள் எல்லோரும் சேர்ந்த கிறிஸ்தவ சபையின் மூப்பர்.

"நல்ல மனுஷன்தான். ஆனா அந்தப் புத்தகம் போன மாசமே அச்சாகிக் கடைக்கு வந்தாச்சு, நானே பார்த்தேன். அச்சானதுக்கு அப்புறம் எந்த வாக்கியம் நொண்டுதாம்? என் சட்டையில ஒரே ஒரு வெள்ளிப் பட்டன் இருந்ததுக்கு, பெருமை கூடாதுன்னு சபையில கூப்பிட்டுக் கண்டிச்சீங்க. அவருக்கு மட்டும் கண்டிப்புக் கிடையாதா?"

விப்ராந்த் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

மூப்பர் வீடு தேடிப் போய்க் கண்டிப்பது சின்ன விஷயமில்லை. மீறினால் சபை கூடும். சபை கூடினால் என்ன ஆகும் என்பதற்கு, ரேயர் வீட்டுக்கு அந்தப் பக்கத்து வீடே சாட்சி.

அங்கே இருப்பது டீவர், ஹில்லேயின் சொந்தத் தங்கை. ஆயுதமே தொடாத சபையில் பிறந்துவிட்டு, பீரங்கிக் கப்பல் மாலுமி ஒருவனைக் கட்டிக்கொண்டாள். சபை அவளை விலக்கிவைத்தது. அவன் கடலில் மாண்டுபோன பிறகாவது, "அந்தக் கல்யாணம் தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திரும்பச் சேர்த்திருப்பார்கள். சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். இரண்டு வருஷமாக அவளோடு யாரும் பேசுவதில்லை, உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அந்த வாசலைக் கடக்கும்போது ஹில்லே கால்வாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நடப்பாள். வீட்டில் கட்டிலோடு கிடக்கிற அம்மா முன்னால் அந்தப் பேரையே எடுப்பதில்லை.

ஹில்லேயும் விப்ராந்தும் வெளியே வந்தபோது ரேயர் இருமிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினார்.

"அண்ணே, இதை உள்ள உக்காந்து படிக்கலாமே?" என்றான் விப்ராந்த்.

"படிக்கலாம் மூப்பரே."

"அச்சான புத்தகம்தானே?"

"ஆமா."

"அப்புறம் யாருக்காக இந்தக் கச்சேரி?" என்றாள் ஹில்லே.

ரேயர் டீவர் வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். அவருக்கு அது முடியும் என்பதே ஹில்லேவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஆரம்பத்துல என் காதுக்குத்தான் படிச்சேன். ஒருநாள் நல்ல மழை. உள்ளேயே இருந்துட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தா, அந்த வீட்டு மேல்கதவு திறந்தே கிடக்கு. சாரல் அடிச்சு உள்ள தரையெல்லாம் தண்ணி. அப்பவும் சாத்தலை."

ஹில்லே திரும்பிப் பார்த்தாள். இடுப்பளவில் மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்த டீவர் வீட்டு வாசல் கதவில், கீழ்க்கதவு சாத்தியிருந்தது. இந்தக் குளிரிலும் மேல்கதவு மட்டும் விரியத் திறந்திருந்தது. உள்ளே ஒரு வெள்ளைத் தொப்பியும், பின்னல் ஊசி பிடித்த கைகளும் தெரிந்தன. கைகள் அசையவில்லை.

"விலக்கி வச்சவங்களோட பேசக் கூடாது, சரி. நான் ஒரு வார்த்தை பேசினதில்லை" என்றார் ரேயர். "என் வாசல்ல உக்காந்து எனக்கு நானே படிச்சுக்கிறது குத்தம்னா சொல்லுங்க. நிறுத்திடறேன்."

விப்ராந்த் அந்த மேல்கதவிலிருந்து ரேயர் பக்கம் திரும்பினான்.

"இருமல் அதிகமா இருக்கு அண்ணே. நாளையிலேர்ந்து கம்பளி போர்த்திக்கிட்டு உக்காருங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஹில்லேவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, பொறாமையாக இருந்தது. கூடப் பிறந்தவள் செய்ய வேண்டியதை, பக்கத்து வீட்டுக்காரர் இருமி இருமிச் செய்துகொண்டிருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் கம்பளியும் புத்தகமுமாக வெளியே வந்த ரேயர், வாசிக்கத் தொடங்கவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

இந்தப் பக்கம் தன் வாசல் பெஞ்சில் ஹில்லே உட்கார்ந்திருந்தாள். மடியில் பூனை. தெருவில் சத்தமே ஆகாதவள், தெருவுக்கே கேட்கிற மாதிரி அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள். முகம் மட்டும் டீவரின் மேல்கதவுப் பக்கம் திரும்பியிருந்தது.

"கேட்டியா பூனை? அம்மா நேத்து தூக்கத்துல உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க."