உள்பையில் ஒரு புலி

கணவனின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது, உள்பையில் ஏதோ பீஜூவின் விரலில் தட்டுப்பட்டது.

சிவப்புத் துணிப்பை. கட்டைவிரல் அளவுதான். கடல்தெய்வம் மாஜு அம்மன் கோயிலில் கொடுக்கிற காப்பு. வாய் பிரிந்த இடத்தைக் கோணல்மாணலாகத் தைத்திருந்தது ஆண்பிள்ளைக் கை. தினமும் எடுத்து ஒளித்து வைத்தவன் இன்று மறந்திருக்கிறான்.

பையின் மேல் மஞ்சள் நூலில் ஒரு புலி. யாருக்காகக் கட்டுகிறார்களோ, அவர் பிறந்த வருடத்தின் விலங்கைத்தான் அதில் தைப்பார்கள்.

வருடத்துக்கு ஒரு விலங்கு என்ற அந்தக் கணக்கில் இந்த வீட்டில் புலியே கிடையாது. கணவன் ஷுய்யுவான் எலி வருடம். பிள்ளைகள் முயலும் பாம்பும். மருமகள் பீஜூ மாட்டு வருடம் என்பதை மாமியார் புதாய் துறைமுகம் முழுக்கச் சொல்லிப் பெருமை அடித்தாயிற்று.

புலிப் பெண் என்றால் கல்யாணத் தரகர்கூட அந்த வாசலை மிதிக்க மாட்டார். புருஷனை விழுங்கிவிடுவாளாம். மணப்பெண் இருக்கும் அறையை எட்டிப் பார்க்கவும் விடமாட்டார்கள்.

அப்படியிருந்தும், "நான் புலி" என்று வாய்விட்டுச் சொல்லிச் சிரிக்கிற ஒருத்தி துறைமுகத்தில் இருந்தாள். ஐஸ் ஆலையில் சீட்டு எழுதும் லியுன். கல்யாணம் ஆகாதவள். படகுக்கு ஐஸ் எடுக்கப் போகிற ஷுய்யுவான் இப்போதெல்லாம் தாமதமாகத்தான் திரும்புகிறான்.

பீஜூ பையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி அது கையில?" சிப்பி உடைத்துக்கொண்டிருந்த மாமியார் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டாள். "புலியா! பாவிப்பய! எவளோ ஒரு புலிச்சிறுக்கி இவன வளைச்சுப் போட்டுட்டாளே. பிரிச்சுப் பாருடி!"

காப்பைப் பிரிக்கக்கூடாது. பிரித்துவிட்டால், யாருக்காகக் கட்டினார்களோ அவளை அது காக்காது.

காக்காமலே போகட்டும் என்றுதான் பீஜூ சிப்பிக் கத்தியால் தையலை அறுத்தாள்.

உள்ளே மடித்த காகிதம். மடிப்புகள் இற்றுப்போயிருந்தன. பெயர் இல்லை. பிறந்த நாளும் நேரமும் மட்டும். புலி வருடம், மூன்றாம் மாதம், ஆறாம் நாள், விடிவதற்குச் சற்று முன்.

மூன்றாம் மாதம் வசந்தம்; லியுன் பிறந்தது கடுங்குளிரில்.

தரகரிடம் இந்த நாளைச் சொன்னபோது, பீஜூவின் அம்மா வருடத்தை மட்டும் மாற்றி, அதற்கு முந்தைய மாட்டு வருடம் என்றாள். செத்தாலும் வெளியே சொல்லாதே என்று மகளிடம் சத்தியம் வாங்கினாள். இருபத்து மூன்று வருடமாக பீஜூ கட்டியவனிடம்கூட மூச்சு விடவில்லை.

உண்மையான வருடம் அவளைத் தவிர அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். அம்மா போய்ச் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது.

அப்படியானால் சாகுமுன் அம்மாதான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்; அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

"எவடி அவ? அவன் வரட்டும், இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

பீஜூ காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தாள். ஊசியில் சிவப்பு நூலைக் கோக்க விடாமல் கண் கலங்கியது.

"விட்டுடுங்க அத்தை. யாரா இருந்தாலும் அவ நல்லா இருக்கட்டும்."