பின்கேட்டின் லைசன்ஸ்

மவுஸைப் பிடித்துக்கொண்டு கணினியில் வேலை செய்கிறவர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. அவர்களெல்லாம் இன்னும் நடைவண்டி தள்ளுகிறவர்கள் என்பது அவன் கட்சி. அவன் முன்னால் எப்போதும் ஒரு கறுப்புத் திரை. அதில் கட்டளைகளைத் தட்டியே எல்லா வேலையையும் முடித்துவிடுவான். அதனால் அந்தக் கிடங்கில் அவனுக்குக் 'கட்டளை' என்றே பெயர் விழுந்துவிட்டது. கேலிக்கு வைத்த பெயர்தான். அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான்.

கிடங்கு நிறையச் செம்புக் கம்பிச் சுருள்கள். அவற்றைக் காவல் காக்கும் கேமராக்களின் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது கட்டளையின் பொறுப்பு. அன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, அவன் மேசையில் இருந்த போன் அடித்தது. மனைவியின் தம்பி, வேன் ஓட்டுகிறவன். போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"மாமா, பின்கேட்டுல நிக்கிறேன். மேல இருக்கிற கேமரா என்னையே பாக்குது."

"பாக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரந்தான்."

"பேசாம ஒயர அறுத்துடவா?"

"அறிவிருக்காடா? அறுத்தா எவன் அறுத்தான்னு தேடுவாங்க. நான் அதோட லைசன்ஸைப் புடுங்கப் போறேன்."

"கேமராவுக்கு எதுக்கு மாமா லைசன்ஸ்? அது என்ன வண்டியா ஓட்டுது?"

கட்டளை கண்ணை மூடிக்கொண்டான். பெண் எடுக்கும்போது அந்த வீட்டில் மூளை உண்டா என்றும் விசாரித்திருக்க வேண்டும்.

"சுவத்துல மாட்டிட்டா ஆச்சா? ஒவ்வொரு கேமராவுக்கும் தனியா ஒரு லைசன்ஸ் வாங்கணும். அது இருந்தாத்தான் படம் பதியும். இங்க பாதிக்குத்தான் வாங்கியிருக்கு. மிச்சமெல்லாம் சும்மா பூச்சாண்டி காட்ட."

"ஏன், மொத்தமா வாங்கினா என்ன?"

"எங்க முதலாளியம்மா கை அப்படி. கேட்டுக் கேட்டு எனக்கு வாய்தான் வலிச்சுது."

வேன்காரன் குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, ஏத்தறது நான், ஓட்டறது நான். மாட்டினா உள்ள போறதும் நான்தான். வீட்ல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு."

"உன் மூஞ்சி எதுலயும் பதியாதுடா. சரக்கு ஏறினதும் லைசன்ஸைத் திரும்பப் போட்டுடுவேன். நடுவுல இருட்டா இருந்ததுக்கு லைசன்ஸ் கோளாறும்பேன். இங்க எவனுக்கு என்ன தெரியும்?"

இதே வேலையை மவுஸாலும் செய்யலாம். ஆனால் அப்போது திரையில் ஒரு ஜன்னல் திறந்து, 'நிச்சயமாகத்தானா?' என்று கேட்டு, அதன் கீழே ஒரு பத்தி எச்சரிக்கையையும் நீட்டும். கட்டளை அதை ஒரு நாளும் படித்ததில்லை. பயந்தாங்கொள்ளிகளுக்காக எழுதியது என்பது அவன் தீர்ப்பு. கறுப்புத் திரையில் தட்டுகிற வரியின் வாலில் ஒரு சொல்லைச் சேர்த்தால் மென்பொருள் எதையும் கேட்காது, எதையும் சொல்லாது. அந்தச் சொல்லைச் சேர்த்துத் தட்டினான்.

'லைசன்ஸ் விடுவிக்கப்பட்டது.' ஒரே வரி. பின்கேட்டின் படம் அணைந்தது.

"ஏத்து."

நாற்காலியைச் சாய்த்துக்கொண்டான். சுருளை எப்படிப் புரட்டுவது, எதை முதலில் ஏற்றுவது, பழைய உலோகம் வாங்குகிற ஆளிடம் என்ன சொல்வது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே வகுப்பெடுத்தான். நடுநடுவே முதலாளியம்மாவின் கஞ்சத்தனத்துக்கும் ஓர் அர்ச்சனை.

அப்போது உள்தொலைபேசி அடித்தது. முதலாளியம்மா.

"தம்பி, கொஞ்சம் என் ரூமுக்கு வர்றியா?"

போனை அணைக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாவகாசமாகவே போனான். முதலாளியம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்கேட்டு கறுப்பா இருக்கேப்பா."

"லைசன்ஸ் கோளாறும்மா. கூட வாங்குங்கன்னு நானும் எத்தனை தடவ சொல்லியிருக்கேன்."

"வாங்கினது எங்க போச்சு?"

"உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா..." என்று இழுத்தான். குழந்தைக்குச் சொல்கிற குரல். "தற்காலிகமா கழண்டுடுச்சு. எங்கயும் போகல, சும்மாதான் கிடக்கும். நான் போய் மாட்டிடறேன்."

"நீ சொன்னா சரிதான். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்."

அவன் திரும்பி வாசல் வரைக்கும் போய்விட்டான்.

"உன் மச்சினன் ஒத்தை ஆளா அவ்வளவு சுருளையும் ஏத்தறானே, பாவமா இருந்துச்சு. நம்ம வாட்ச்மேனையும் ரெண்டு போலீஸ்காரங்களையும் அனுப்பியிருக்கேன்."

சட்டைப்பைக்குள்ளிருந்து போன், "மாமா... மாமா..." என்று ஈனஸ்வரத்தில் கூப்பிட்டது.

கட்டளை சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டான். "பின்கேட்டுதான்... ஒண்ணும் தெரியலையேம்மா."

"அது தெரியலதான். அதுக்குப் பதிலா இத்தனை வருஷமா இல்லாத ஒரு படம் புதுசா வந்துச்சு. சத்தத்தோட." முதலாளியம்மா திரையை அவன் பக்கம் திருப்பினார். "நல்லா விளக்கிச் சொல்றே தம்பி. எனக்கே புரிஞ்சுது."

அவன் படிக்காத அந்த எச்சரிக்கையில் இருந்தபடியே, பின்கேட்டை விட்டு இறங்கிய லைசன்ஸ், வரிசையில் காத்துக்கிடந்த அடுத்த கேமராவில் தானாகவே ஏறி உட்கார்ந்திருந்தது. அது கட்டளையின் நாற்காலிக்கு நேர் மேலே இருந்தது.