மூணாவது மனுஷர்

"இதோட அஞ்சு தடவை வந்தாச்சு. இன்னிக்கு என்ன குறை கண்டுபிடிக்கப் போறீங்க?" என்றார் பெரியவர்.

புகார்ப் பிரிவு குமாஸ்தா நிமிரவே இல்லை. "நீதிபதி மேல புகார்னா சும்மாவா? அஞ்சுக்கே சலிச்சுக்கிட்டா எப்படி?"

"அவருக்கு அஞ்சு. எனக்குப் பதினொண்ணு" என்றாள் பக்கத்தில் நின்ற சித்தாள். கட்டட வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். முழங்கை வரை சிமெண்டு காய்ந்து உரிந்துகொண்டிருந்தது.

"உனக்கு அன்னிக்கே சொல்லிட்டேன்மா. ஜெயில்ல இருக்கிறவன் பொண்டாட்டி புகார் குடுத்தா, வயித்தெரிச்சல்னு தூக்கிப் போட்டுடுவாங்க. சம்பந்தமில்லாத மூணாவது மனுஷர் குடுக்கணும்."

"அதான் ஐயா வந்திருக்காரே!"

இரண்டு மாதத்துக்கு முன் இதே வராந்தா பெஞ்சில் அவள் அழுதுகொண்டிருந்தபோது, தானாக வந்து, "நான் எழுதித் தர்றேன்" என்றவர் அவர்.

"லாரியை ஓட்டி ஆளைக் கொன்னது முதலாளி மகன். உள்ள கிடக்கிறது டிரைவர் வேலை பார்த்த என் வீட்டுக்காரர்" என்றாள். "ஏழு வருஷம் போட்டான் அந்தப் புண்ணியவான். நாலு முடிஞ்சிருச்சு. அப்பான்னா போட்டோதான்னு நினைச்சுக்கிட்டிருக்கு என் பொண்ணு. கைக்குழந்தை அழுவுதுன்னு தீர்ப்பு அன்னிக்கு என்னை உள்ளயே விடல. அந்தாளு மூஞ்சிய ஒரு தடவை பார்த்திருந்தா..."

"பார்த்திருந்தா?" என்றார் குமாஸ்தா.

"கலவைச் சட்டியாலயே ஒரு போடு போட்டிருப்பேன்!"

"அதெல்லாம் அப்புறம்" என்று பெரியவர் குறுக்கே புகுந்தார். "முதல்ல இதை வாங்குங்க தம்பி. ஆதாரம் இல்லன்னீங்க, கொண்டு வந்தேன். மூணு நகல் கேட்டீங்க, குடுத்தேன். நகல் மங்கல்னீங்க, மாத்தினேன். போன வாரம் உங்க சீல் அலமாரிக்குள்ள மாட்டிக்கிச்சு."

"சாவிக்கு அன்னிக்கு லீவு" என்றாள் சித்தாள்.

குமாஸ்தா முறைத்துவிட்டுத் தாளைப் புரட்டினார். "தீர்ப்புக்கு ஒன்பது நாள் முன்னாடி லாரி முதலாளி, நீதிபதி மனைவி பேருக்கு வீட்டு மனை எழுதிக் குடுத்திருக்கார். பத்திர நகல்... இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"இல்லாதப்ப எங்கேன்னு கேட்டீங்க. இருக்கிறப்ப ஏன்னு கேக்கறீங்க. நான் என்னதான் பண்றது?"

"நல்லாக் கேளுங்க ஐயா!"

குமாஸ்தா விரலை வைத்து வரி வரியாகத் தேடினார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"பார்த்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்க, இப்படியா எழுதுவாங்க? நீதிபதி பேர் சரிதான். புகார் குடுக்கிறவர் பேர் கேட்ட இடத்துலயும் அதையே எழுதி வச்சிருக்கீங்களே! உங்க பேரை எழுதி அடுத்த வாரம் கொண்டாங்க."

சித்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு பேருக்கு ஒரு வாரமா? நீங்க இப்பவே அடிச்சுட்டு எழுதுங்க ஐயா!" மேசை மேலிருந்த பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

பெரியவர் அதை வாங்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை.

"திருத்த ஒண்ணுமில்ல தம்பி. ரெண்டு இடத்துலயும் என் பேர்தான்."